அம்மாவுக்கு ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ மூன்றுமா?

2025 ஜூலை 6, மாலை. நிபோங் திபால் வாசகர்

அம்மாவுக்கு 66 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து வெற்றிலை போடுகிறவர். கன்னத்தின் உட்பக்கம் ஆறாத புண் வந்து, பயாப்சி எடுத்து, புற்று என்று முடிவும் வந்துவிட்டது. ஸ்கேன் பார்த்துவிட்டு ஸ்டேஜ் 4ஏ என்கிறார்கள். முதலில் ஆபரேஷன், பிறகு ரேடியேஷன், அதோடு கீமோவும் தேவைப்படலாமாம். மூன்றையும் அந்த உடம்பு எப்படித் தாங்கும்? இப்போது இம்யூனோதெரப்பி ஊசி வந்துவிட்டது, வெட்டவே வேண்டாம் என்கிறார் ஈப்போ மாமா. நான்காம் கட்டம் என்றால் எதற்கு வதைக்க வேண்டும் என்று பெரியம்மா அழுகிறார். ஒன்றே ஒன்று போதாதா? பினாங்குப் பக்கம் இதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு. பாகான் அக்கா

தம்பி, முதலில் பெரியம்மாவை உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள். வாய்ப் புற்றில் நான்காம் கட்டத்தை 4ஏ, 4பி, 4சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் பரவியிருந்தால்தான் 4சி. 4ஏ என்றால் பெரும்பாலும் கட்டி தாடை எலும்பையோ கன்னத்தின் வெளித்தோலையோ பிடித்திருக்கும், அல்லது கழுத்தில் நெறி (நிணநீர்க் கணு) கட்டியிருக்கும். இதைக் குணப்படுத்தும் எண்ணத்தோடுதான் வைத்தியம் பார்ப்பார்கள்.

என் அண்ணனுக்கும் அதே கன்னம், அதே 4ஏ. பிறை பக்கம் லோரி ஓட்டியவர், சிகரெட்டும் உண்டு, பாக்கும் உண்டு. சில வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்து குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிடுகிறார். அவ்வளவு குழம்பு எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூலை 7. பாகான் அக்கா

இனி மூன்று ஏன் என்ற கேள்வி. டாக்டர் "தேவைப்படலாம்" என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதாவது கீமோ இன்னும் முடிவாகவில்லை.

வாய்க்குள் வரும் புற்றுக்கு, வெட்டி எடுக்க முடிந்தால் வெட்டுவதுதான் முதல் வேலை. கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு எடுப்பார்கள், கழுத்து நெறிகளையும் எடுப்பார்கள். அதெல்லாம் லேபுக்குப் போகும். கட்டி பெரியது, நெறியிலும் இருக்கிறது என்றால் ரேடியேஷன் அநேகமாக உறுதி. ஆனால் கீமோ வேண்டுமா என்பதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. வெட்டிய ஓரத்தில் புற்றணு மிச்சம் இருக்கிறதா? நெறிக்குள் இருந்த புற்று அதன் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா? 2004-ல் ஐரோப்பாவிலிருந்து ஒன்றும் அமெரிக்காவிலிருந்து ஒன்றுமாக இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு வெறும் ரேடியேஷனா, ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துமா என்று பார்த்தவை. இரண்டையும் சேர்த்து அலசியபோது, சிஸ்பிளாட்டினால் தெளிவாகப் பலன் பெற்றவர்கள் இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தவர்கள்தான். இரண்டும் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ரேடியேஷனோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கீமோவைத் தனியாகப் போடாமல் ரேடியேஷன் நடக்கும் அதே வாரங்களில் போடுவதற்கும் காரணம் உண்டு. கதிர் புற்றணுவின் டிஎன்ஏவை உடைக்கிறது. அந்த உடைப்பை அணு சரிசெய்துகொள்ள விடாமல் சிஸ்பிளாட்டின் தடுக்கிறது. பல பத்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், ரேடியேஷனோடு ஒரே நேரத்தில் கீமோ கொடுத்ததால் ஐந்து வருடக் கணக்கில் 100 பேரில் கூடுதலாக 6 அல்லது 7 பேர் பிழைத்திருக்கிறார்கள். முன்னாலோ பின்னாலோ தனியாகக் கொடுத்தபோது அந்த அளவு பலன் வரவில்லை. வயது ஏற ஏற இந்தப் பலன் குறைகிறது, 70-ஐத் தாண்டினால் அநேகமாக இல்லை. அம்மாவுக்கு 66. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது, அதனால் அவை எப்படி என்பதையும் பார்த்துத்தான் சொல்வார்கள்.

ஜூலை 7, பிற்பகல். பாகான் அக்கா

ஆபரேஷனுக்குப் பிறகு லேப் ரிப்போர்ட்டின் நகல் ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். நம் ஆட்கள் கேட்பதற்கே கூச்சப்படுகிறார்கள்.

ஜூலை 9. பாகான் அக்கா

ஈப்போ மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார்.

பெம்ப்ரோலிஸுமாப், நிவோலுமாப் என்று இரண்டு ஊசிகள். புற்றணு நம் நோயெதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கப் பயன்படுத்தும் பிடி-1 என்ற வழியை இவை அடைக்கின்றன. முதலில் இவை வந்தது திரும்ப வந்த அல்லது உடம்பில் பரவிவிட்ட புற்றுக்கு. 2019-ல் வெளியான கீநோட்-048 ஆய்வில் பெம்ப்ரோலிஸுமாபோடு கீமோ சேர்த்தவர்களில் பாதிப் பேர் சுமார் 13 மாதத்தைத் தாண்டினார்கள், பழைய முறையில் அது 10.7 மாதம். முன்னேற்றம்தான், சிலர் வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வெட்டி எடுக்கக்கூடிய கட்டியை விட்டுவிட்டு இதை மட்டும் போட்டுக்கொள்ள அந்த ஆய்வில் ஒரு வரியும் கிடையாது.

அப்புறம் எல்லோருக்கும் தோன்றிய யோசனை, ரேடியேஷன், சிஸ்பிளாட்டினோடு இந்த ஊசியையும் ஒரே நேரத்தில் சேர்த்தால் என்ன என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. அவெலுமாப் என்ற இதே மாதிரி ஊசியை வைத்து ஒரு பெரிய ஆய்வு, பெம்ப்ரோலிஸுமாப் வைத்து கீநோட்-412 என்று இன்னொன்று. இரண்டுமே எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. கழுத்து நெறிகளில்தான் நோயெதிர்ப்பு அணுக்கள் தயாராகின்றன, அதே இடத்தில் கதிரைப் பாய்ச்சினால் ஊசிக்கு வேலை செய்ய ஆளே இருக்காது என்பது நிபுணர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று.

அதே ஊசியை வரிசை மாற்றிக் கொடுத்தபோதுதான் கதை மாறியது. கீநோட்-689-ல் ஆபரேஷனுக்கு முன் இரண்டு தடவை, ஆபரேஷனுக்குப் பின் ரேடியேஷனோடும் அதைத் தொடர்ந்தும் 15 தடவை வரை. மூன்று வருடத்தில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் உயிரோடு இருந்தவர்கள் 57.6 சதவீதம், ஊசி இல்லாதவர்களில் 46.4. போன மாதம்தான் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கொடுத்தார்கள், அதுவும் கட்டியில் பிடி-எல்1 என்ற புரதம் இருப்பவர்களுக்கு. மாமாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அந்த ஆய்வில் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் ஆபரேஷன் உண்டு, ரேடியேஷனும் உண்டு. ஊசி அதற்கு மேல் சேர்ந்தது.

காசு இன்னொரு பக்கம். ஒரு தடவைக்கே பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) இருந்தால் எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டை விற்கலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இது இல்லாமல் செய்தால் அம்மாவுக்கு எவ்வளவு குறையும்?"

ஜூலை 10. பாகான் அக்கா

பெலாலாய் காஜா என்ற மூலிகை இலையை அரைத்துக் குடிக்கச் சொன்ன வாசகருக்கு: எங்கள் வீட்டிலும் ஒருவர் ஒரு தொட்டி நிறைய கொண்டுவந்து வைத்தார். அண்ணன் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார், குடிக்கவில்லை. செடி பிழைத்துக்கொண்டது, அவரும் பிழைத்துக்கொண்டார். சிஸ்பிளாட்டின் போடும் வாரங்களில் சிறுநீரகம் தள்ளாடும். அந்த நேரத்தில் எந்தக் கஷாயமும் டாக்டருக்குத் தெரியாமல் உள்ளே போகக்கூடாது.

ஜூலை 15. பாகான் அக்கா

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போனது. பல். ரேடியேஷன் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால் ஆடுகிற பல், சொத்தை எல்லாவற்றையும் ரேடியேஷனுக்கு முன்பே எடுத்துவிட்டு, ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் விடுவார்கள். ஆபரேஷன் மேசையிலேயே எடுத்துவிட்டால் தனியாக நாள் வீணாகாது. வெற்றிலை போட்ட வாயில் பல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா. இப்போதே பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெற்றிலை பற்றி இருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே வெளியிட்டுவிட்டது. பாக்கு தனியாகவே அந்தப் பட்டியலில் இருக்கிறது. "எங்கள் பாட்டி 90 வயது வரை போட்டார்" என்ற வாதம் இங்கே எடுபடாது. மலேசியாவில் வாய்ப் புற்று இந்தியர்களிடையே, அதிலும் நம் பெண்களிடையே அதிகம். சரி, இதற்கு வேறு இழை போடுங்கள், தம்பியின் கேள்வி அடியில் போய்விடும்.

ஜூலை 28. பாகான் அக்கா

ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று படித்தேன். தொடையிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால் முதல் நாட்களில் நர்ஸ் அடிக்கடி வந்து அந்தச் சதையின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள். ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். பயப்படாதீர்கள்.

இன்றைக்கே நாள்காட்டியை எடுங்கள். ஆபரேஷன் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்க வேண்டும். உங்களுக்கு அது செப்டம்பர் முதல் வாரம். மூன்று சிகிச்சையையும் தனித்தனியாக நினைக்கிறோம், ஆனால் ஒன்று தாமதமானால் அடுத்ததன் பலனும் குறையும். மிச்சமிருக்கும் அணுக்கள் சும்மா இருக்காது.

அண்ணனுக்கு நடந்தது இதுதான். காயம் ஆறிவிட்டது. ஆனால் ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து ரேடியேஷன் கொடுக்கும் இடத்துக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை. இவர்கள் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், அவர்கள் வரவில்லை என்கிறார்கள். கடைசியில் அண்ணி கடிதத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் கவுண்டரில் நின்றார். அன்றைக்கே தேதி கிடைத்தது. இடத்தின் பெயர் கேட்காதீர்கள், எங்கேயும் நடக்கும். ரேடியேஷனுக்கு முன் முகமூடி செய்ய வேண்டும், திட்டம் போடும் ஸ்கேன் எடுக்க வேண்டும், இயற்பியல் நிபுணர்கள் கணக்குப் போட வேண்டும். இதற்கே வாரம் ஒன்று இரண்டு ஓடிவிடும். இப்போதே போன் செய்யுங்கள்.

ஆகஸ்ட் 9. பாகான் அக்கா

நெறியின் உறை கிழிந்திருக்கிறது என்று ரிப்போர்ட்டில் வந்துவிட்டது. அப்படியானால் சிஸ்பிளாட்டின் உண்டு. மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வாரா வாரமா, மூன்று வாரத்துக்கு ஒரு தடவையா என்று சுங்கை பாக்காப் அண்ணன் கேட்டதற்கும் சேர்த்து எழுதுகிறேன். பழைய முறை, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. கடுமையானது. மும்பை டாடா மருத்துவமனையில் அதை வாராவாரம் 30 மில்லிகிராமோடு ஒப்பிட்டார்கள், 2018-ல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் வாயிலும் கழுத்திலும் நோய் அடங்கியிருந்தவர்கள் மூன்று வார முறையில் 73 சதவீதம், வாராவாரத்தில் 58.5. அதைப் படித்துவிட்டு வாராவாரம் மட்டம் என்று பலர் முடிவு கட்டினார்கள். ஜப்பானில் அளவை வாராவாரம் 40 ஆக்கிப் பார்த்தார்கள், அம்மாவைப் போலவே ஆபரேஷன் முடிந்தவர்களிடம். 2022-ல் வந்த முடிவு, அது மூன்று வார முறைக்குக் குறைந்ததில்லை, பக்கவிளைவும் குறைவு. ஆகவே வாராவாரமா என்று மட்டும் கேட்காமல் எத்தனை மில்லிகிராம் என்றும் கேளுங்கள்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பலவீனம், சிஸ்பிளாட்டினே முடியாது என்று சொன்ன தங்கைக்கு: வழி இல்லாமல் இல்லை. டாடாவிலேயே அப்படிப்பட்டவர்களுக்கு வாராவாரம் குறைந்த அளவு டோசிடாக்ஸல் என்ற வேறு கீமோ மருந்தை ரேடியேஷனோடு கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 50.8 சதவீதம், வெறும் ரேடியேஷனில் 41.7. 2023-ல் வந்தது. டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆகஸ்ட் 17. பாகான் அக்கா

பக்கத்து வீட்டுச் சீன அங்கிளுக்கு வெட்டவே இல்லையே, முதலில் கீமோ, பிறகு ரேடியேஷன், எங்களுக்கு மட்டும் ஏன் கத்தி என்ற கேள்வி. அவருக்கு இருந்தது மூக்குக்குப் பின்னால் தொண்டை மேல்பகுதியில் வரும் புற்றாக இருக்க வேண்டும். கத்தி எளிதில் போக முடியாத இடம், கதிருக்கு நன்றாக அடங்கும் ஜாதி. ஈபிவி வைரஸோடு தொடர்புள்ளது, இங்கே சீனர்களிடமும் சரவாக் பிடாயூ மக்களிடமும் அதிகம். அதில் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தும் சிஸ்பிளாட்டினும் மூன்று சுற்று முன்னால் கொடுத்துவிட்டு ரேடியேஷனுக்குப் போவது 2019-க்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. தலை, கழுத்து என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் இடத்துக்கு இடம் சேர்க்கை மாறும். அங்கிளின் பேப்பரை வைத்து அம்மாவுக்கு வாதாட முடியாது.

ஆகஸ்ட் 30. பாகான் அக்கா

செப்டம்பரில் தொடங்கப்போகிறீர்கள். மெர்டேக்கா, நபிகள் பிறந்தநாள், மலேசியா தினம் என்று விடுமுறை வரிசையாக நிற்கிறது. போகாத நாளை எப்படி ஈடுகட்டுவார்கள் என்று முன்பே கேளுங்கள். சில இடங்களில் சனிக்கிழமை கொடுப்பார்கள், சில இடங்களில் ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை. டென்மார்க்கில் ஆபரேஷன் இல்லாமல் ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களுக்கு வாரத்துக்கு ஐந்துக்குப் பதில் ஆறு தடவை கொடுத்துப் பார்த்தார்கள். மொத்த அளவு அதேதான், முடிக்கும் காலம்தான் ஒரு வாரம் குறைந்தது. ஐந்து வருடத்தில் கட்டி அடங்கியவர்கள் 60-லிருந்து 70 சதவீதமானார்கள். இதைப் படித்த பிறகு "இன்று களைப்பாக இருக்கிறது, நாளை போகலாம்" என்று அண்ணன் சொன்னபோதெல்லாம் அண்ணி விடவில்லை.

செப்டம்பர் 14. பாகான் அக்கா

முகமூடியைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுத்து, படுக்கையில் பூட்டிவிடுவார்கள். அசையாமல் இருக்கத்தான். அண்ணன் வெளியே வரும்போது நெற்றியிலும் மூக்கிலும் கட்டம் கட்டமாகத் தடம் பதிந்திருக்கும். ஒட்டுக்கடையில் டீ ஆற்றுகிற மாமா "தம்பி வலையில் மாட்டிக்கிட்டான்" என்பார். மூச்சு முட்டுவதாகத் தோன்றினால் கையைத் தூக்கச் சொல்லுங்கள், கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாய் வேகும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா போட்டு, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கொப்பளிக்கட்டும். கடையில் விற்கும் சுரீரென்ற மவுத்வாஷ் கூடாது. வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். இடியாப்பத்தைச் சொதியில் ஊற வைத்தால் இறங்கும், ரசம் இறங்காது. எடை குறைந்துகொண்டே போனால் மூக்கில் குழாய் போடச் சொல்வார்கள். அதைத் தோல்வி மாதிரி நினைத்து அண்ணன் ஒத்துக்கொள்ள மறுத்தார், கடைசியில் போட்ட மறுநாளே முகத்தில் தெளிவு வந்தது. எடை ரொம்பக் குறைந்தால் முகமூடியே பொருந்தாமல் போய்த் திரும்ப அச்செடுக்க வேண்டிவரும்.

செப்டம்பர் 29. பாகான் அக்கா

கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் ரத்த அளவு) ஏறிவிட்டது, இந்த வாரக் கீமோவை நிறுத்திவிட்டார்கள், எல்லாம் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை. மொத்தமாகச் சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம் அளவு உள்ளே போயிருந்தால் பெரும்பாலான பலன் கிடைத்துவிடும் என்பது பரவலான கருத்து. அண்ணனுக்கும் கடைசி சிஸ்பிளாட்டின் போடவில்லை. காதில் வண்டு இரைவதுபோல் சத்தம் வந்தது, காது சோதனையில் கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் விழவில்லை. டாக்டர் நிறுத்திவிட்டார், ரேடியேஷனை மட்டும் விடாமல் முடித்தார்கள். இன்றும் அவருக்குச் சமையலறை டைமர் அடிப்பது கேட்காது. சோறு குழைவதற்கு அதையே சாக்காகச் சொல்கிறார்.

நூற்றில் ஆறேழு பேர் என்று ஜூலையில் எழுதினேன் அல்லவா. அந்தக் கணக்கை இப்போது யோசித்தால், கீமோவுக்காக ரேடியேஷனை நிறுத்தி வைப்பது நஷ்டம், ரேடியேஷனுக்காகக் கீமோவைக் குறைப்பது தாங்கக்கூடியது என்றே எனக்குப் படுகிறது. டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் இந்தக் கேள்வியையும் கேளுங்கள்.

அக்டோபர் 18. பாகான் அக்கா

முடித்துவிட்டார், நல்லது. தீபாவளிக்கு முறுக்கு அம்மா கையால் பிழிந்தால் போதும், வாயில் போட வேண்டாம். கடைசி நாளுக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் புண் கூடிவிட்டுத்தான் இறங்கும். மட்டன் குழம்பின் காரத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

உமிழ்நீர் முன்போல் வராது. அண்ணன் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிடுவது இதனால்தான். காரில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்புவதில்லை.

நவம்பர் 23. பாகான் அக்கா

வாய் திறக்க முடியவில்லை என்றால் இப்போதே பயிற்சி தொடங்குங்கள், பிறகு தசை இறுகிவிடும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு இடையில் வைத்து, சில நாட்களுக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போக வேண்டும். அண்ணனுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தது இது. மூன்று விரல் நுழைந்தால் நல்ல திறப்பு. ஒவ்வொரு புதுக் குச்சிக்கும் அவர் எங்களைத் திட்டுவார்.

ஸ்கேனை இப்போதே எடுக்கச் சொல்லி அவசரப்படாதீர்கள். ரேடியேஷன் வீக்கத்தையும் புற்றையும் பிரித்துப் பார்க்க முடியாது, முடிந்து சுமார் 12 வாரம் ஆகட்டும். கழுத்தில் கதிர் பட்டதால் தைராய்டு ரத்தச் சோதனை ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை வேண்டும். களைப்பு, எடை ஏற்றம், குளிர் தாங்காமை என்றால் முன்பே பாருங்கள்.

காசைப் பற்றிக் கேட்டவருக்கு: அம்மா எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி வாங்குகிறவர் என்றால், வருமானம் குறைந்தவர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் வருவார். அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தவர்களுக்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகை உண்டு, தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை தனியாக உண்டு. விண்ணப்பப் பாரம் மருத்துவமனையிலேயே இருக்கும், டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த அப்பாயின்மென்டுக்குப் போகும்போது அம்மாவின் மைகார்டு (அடையாள அட்டை) நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் எடுத்துப் போங்கள்.